படத்தில் இல்லாத பதினொன்றாமவர்

என் அலமாரியில் ஒரு பொன்னாடை நாற்பது நாட்களுக்கு மேல் பிரிக்கப்படாமலே கிடந்தது. அதை எனக்குப் போர்த்தியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் போர்த்தினார்கள். கை தட்டியவர்களும் மனமாரத்தான் தட்டினார்கள். ஆயினும் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம், அயலார் வீட்டுப் பொருள் ஒன்று முகவரி தவறி நம் வீட்டுக்கு வந்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படியே எனக்கிருந்தது. உரியவரிடம் சேர்க்கும் வரையில் உறக்கம் தராத பொருளை நம் பெரியோர் அமானிதம் என்பர். அந்தச் சால்வை அத்தகைய ஓர் அமானிதம். அதன் வரலாற்றை எழுதுவது என் தவற்றை நானே ஒப்புக்கொள்வதாகும். எழுபதை நெருங்கும் வயதில் இதற்குக் கூச்சப்படுவதற்கில்லை.

புதுச்சேரியில் நாங்கள் இளமையில் ஆடி வளர்ந்த கால்பந்துக் கழகம், 2023-ஆம் ஆண்டின் இறுதியில் தன் பழைய ஆட்டக்காரர்களைப் பாராட்ட ஒரு விழா எடுத்தது. 1974-இல் எங்கள் கழகம் ஒரு கோப்பையை வென்றிருந்தது. பெரிய கோப்பையன்று, பக்கத்து ஊர்க் கழகங்கள் சில கூடி ஆடியதுதான். ஆனால் எங்களுக்கு அதற்கு முன்னும் கோப்பை இல்லை, பின்னும் இல்லை. எனவே அந்த அணியின் நிழற்படத்தைப் பெரிதாக்கி மேடையில் நிறுத்தியிருந்தார்கள். படத்தின் அடியில் அட்டையில் எழுதியிருந்த பெயர்களை ஓர் இளைஞர் ஒவ்வொன்றாக வாசிக்க, உயிரோடிருப்பவர்கள் எழுந்து சென்று பொன்னாடை பெற்றுக்கொண்டார்கள். பதினொன்றாவதாக என் பெயர் வாசிக்கப்பட்டது. நானும் எழுந்து சென்றேன்.

அந்த இறுதி ஆட்டத்தில் நான் ஒரு நிமிடமும் ஆடவில்லை.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய புதுச்சேரியைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நகரில் மூன்று பெரும் பஞ்சாலைகள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சுப் பஞ்சாலை அவற்றுள் ஒன்று. 2020-இல் அது மூடப்பட்டுவிட்டது. ஆலைச் சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டே கடிகாரமில்லாத வீடுகள் நாளை நடத்தின. இந்த ஆலைத் தொழிலாளர்களின் போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டுக்குப் பன்னிருவர் பலியானார்கள். அதன் பின்னர் 1937-இல் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சு இந்தியாவில் சட்டமாயிற்று. எட்டு மணி நேரம் உழைத்தவனுக்கு மாலையில் ஒரு பொழுது மிஞ்சியது. அந்தப் பொழுதில்தான் எங்கள் ஊரின் ஏழை மக்கள் பந்தாடினார்கள். திடலில் ஓடிய கால்களுக்குப் பின்னால் அந்தப் பன்னிருவரின் உயிர் இருந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அன்று எங்களுக்கு அது தெரியாது.

கால்பந்தைப் பற்றி எங்கள் வாப்பா சொல்லும் செய்தி ஒன்று உண்டு. சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் ஆடிய முதல் கால்பந்தாட்டமே பிரான்சுக்கு எதிரானதுதான். 1948 ஜூலை 31 அன்று, லண்டனை அடுத்த இல்ஃபோர்டில், நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவறவிட்டு, இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். நம் பக்கத்து ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அன்று புதுச்சேரி பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. பிறகு 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் இதே இரு நாடுகளும் மீண்டும் மோதின, பி. கே. பானர்ஜி அடித்த கோலால் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலையில் முடிந்தது. 1954 நவம்பர் 1 முதல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கையில். ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல்தான் நிறைவேறியது. "அந்த ஆட்டத்தில் நாம் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. நம்ம ஊரைப் போலவே நடுவில் நின்றுவிட்டது" என்று வாப்பா சொல்லிச் சிரிப்பார்கள்.

இனி 1974-க்கு வருகிறேன். எனக்கு அப்போது வயது பதினேழு. முல்லா வீதியிலிருந்து உப்பளத்துப் பக்கம் இருந்த திடலுக்கு நாள்தோறும் நடந்து போவேன். அணியில் எனக்கு இடமில்லை. பந்துக்குக் காற்றடிப்பது, வலையைக் கட்டுவது, இடைவேளையில் எலுமிச்சம்பழத்தை நறுக்கி ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பது ஆகியவை என் வேலைகள். எவராவது வராமற் போனால் என்னை இறக்குவார்கள் என்ற நப்பாசையில் காத்திருந்தேன்.

எங்கள் அணியின் இடப்பக்கக் காவலராக, அதாவது 'லெப்டு பேக்' என்று திடலில் சொல்வோமே, அந்த இடத்தில் ஆடியவர் ஓர் ஆலைத் தொழிலாளி. முதலியார்பேட்டைக்காரர். எங்களுக்கெல்லாம் அவர் 'மில் அண்ணன்'. பூட்சு அணிந்தால் பந்து எங்கே இருக்கிறதென்று காலுக்குத் தெரியாது என்பார். கணுக்காலில் துணிக்கட்டு மட்டும் போட்டுக்கொண்டு ஆடுவார். இறுதி ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் எதிரணியின் வலப்பக்க ஆட்டக்காரர் மும்முறை எங்கள் எல்லைக்குள் புகுந்தார். மும்முறையும் மில் அண்ணனின் வெறுங்கால் குறுக்கே நின்றது. மூன்றாம் முறை எதிராளியின் பூட்சு ஆணி அவருடைய கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துவிட்டது. மணலை அள்ளி விரல்மேல் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடினார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றோம்.

ஆட்டம் முடிவதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு நிழற்படம் எடுப்பதாக ஏற்பாடு. மில் அண்ணனுக்கு அன்று முதல் ஷிப்டு. காலை ஆறு முதல் பகல் இரண்டு வரை. "எனக்காக நிறுத்த வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பத்துப் பேர் வரிசையில் நின்றோம் என்று எழுதப் போனேன். பழைய பொய் எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகிறது பாருங்கள்! பத்துப் பேர் நின்றார்கள். நான் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். படம் எடுப்பவர், "ஓரத்தில் இடம் காலியாக இருக்கிறதே, பார்க்க நன்றாக இராது" என்றார். அணித்தலைவர் என்னைக் கை காட்டி அழைத்தார். மில் அண்ணனின் ஜெர்சியை எடுத்துக் கொடுத்தார்கள். முந்தைய நாளின் வியர்வை அதில் இன்னும் காயவில்லை. அதைப் போட்டுக்கொண்டு, மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அட்டையில் பெயர் எழுதும்போது படத்தில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டார்கள். என் பெயரையும் சொன்னேன்.

பதினேழு வயதுப் பையனின் ஆசை அது என்று மன்னிக்கலாம். ஆனால் விழா மேடையில் இளைஞர் என் பெயரை வாசித்தபோது எனக்கு அறுபத்தாறு வயது. "தம்பி, ஒரு திருத்தம்" என்று சொல்ல வாய் திறந்திருக்கலாம். எதிரே என் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா கோப்பை வென்றவர் என்று அவர்கள் முகம் மலர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்த விழாவுக்கு மில் அண்ணனுக்கு அழைப்பே போகவில்லை. பட்டியல் படத்திலிருந்து எடுக்கப்பட்டது. படத்தில் அவர் இல்லை.

அதன் பிறகுதான், பழைய ஆட்டக்காரர்களை மற்றவர்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஆஸ்திரேலியாவில் முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் ஒரு கால்பந்து உண்டு. அதன் விதிகள் 1859-இல் மெல்பர்னில் எழுதப்பட்டவை. அங்கே சிற்றூர்க் கழகங்கள்கூடப் பழைய ஆட்டக்காரர்களுக்கென்று ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கிவைக்கின்றன. யார் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று கணக்கு வைத்து, மரப்பலகையில் பெயர் பொறிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அக்கணக்குக்கு மூலம் ஆட்டத்தன்று யார் களத்தில் இறங்கினார் என்று எழுதிவைத்த ஏடு. மறுநாள் எடுத்த படம் எவருக்கும் சாட்சியாவதில்லை. நாங்கள் அப்படி ஓர் ஏடு வைத்திருந்தால், இருபது காசு நோட்டுப் புத்தகம் ஒன்று மில் அண்ணனைக் காப்பாற்றியிருக்கும்.

நம் நாட்டில் மோகன் பகான் கழகம் ஜூலை 29-ஐ ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. 1911-இல் அந்த நாளில்தான் அவர்கள் ஓர் ஆங்கிலேயப் படையணியை வென்று ஐ. எஃப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றினார்கள். பழைய ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்நாளில் 'மோகன் பகான் ரத்னா' என்ற சிறப்பை வழங்குகிறார்கள்.

என் நெஞ்சைத் தைத்தது முகமது சலீம் என்பவரின் வரலாறு. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீகை வென்றது. அந்தப் பொற்காலத்தில் ஆடியவர் சலீம். 1936-இல் அவர் பிரிட்டனுக்குச் சென்று, கிளாஸ்கோ நகரின் புகழ்பெற்ற செல்டிக் கழகத்துக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். பூட்சு அணியவில்லை, காலில் துணிக்கட்டு மட்டுமே. அக்கழகத்தின் பயிற்சியாளர் குனிந்து சலீமின் பாதத்துக்குத் துணி சுற்றும் படம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஊர் நினைவு வாட்டவே சலீம் திரும்பி வந்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து அவர் நோயுற்றிருந்தபோது, அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பது வெளிப்பேச்சு. தந்தையை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறிவதே உள்நோக்கம். பதிலோடு நூறு பவுனுக்கு ஒரு வங்கி வரைவோலை வந்தது. மகன் அதைக் காசாக்காமல் பாதுகாத்து வைத்தார். சலீம் 1980-இல் காலமானார்.

இரண்டே ஆட்டம் ஆடியவரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு கழகம் மறக்கவில்லை. எத்தனையோ ஆட்டங்கள் ஆடியவரின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நான் பொன்னாடை வாங்கி வந்திருக்கிறேன். சலீமின் பாதத்துக்குத் துணி சுற்றும் அந்தப் படத்தைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அஸர் தொழுதுவிட்டு, பொன்னாடையை ஒரு பையில் போட்டுக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் புறப்பட்டேன்.

வீட்டில் அவர் இல்லை. "சொல்தா மாமாவோடு குண்டு விளையாடப் போயிருக்கிறார்" என்று அவருடைய பேத்தி சொன்னாள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவர்களைச் 'சொல்தா' என்பது எங்கள் ஊர் வழக்கு. குண்டு விளையாட்டு என்று அவள் சொன்னது பெத்தாங் ஆட்டத்தை. அறுநூற்றைம்பது முதல் எண்ணூறு கிராம் வரை எடையுள்ள இரும்புக் குண்டை, ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறு மரக்குண்டுக்கு அருகே விழும்படி எறிய வேண்டும். பதின்மூன்று புள்ளி எடுத்த பக்கம் வெல்லும். பிரெஞ்சுக்காரர்கள் போன பின்னும் அந்த ஆட்டம் எங்கள் ஊரில் தங்கிவிட்டது.

கடற்கரைக்கு அருகே ஒரு மர நிழலில் அவரைக் கண்டேன். வலது முழங்காலில் உறை மாட்டியிருந்தார். கூட இருந்த சொல்தாவைக் கண்டதும் திகைத்துப் போனேன். 1974 இறுதி ஆட்டத்தில் எங்கள் ஒரே கோலை அடித்தவர்! அடுத்த ஆண்டே பிரான்சுக்குப் போனவர். அங்கேயே தங்கிவிட்டார் என்றெண்ணி அவருக்கும் விழாக் குழுவினர் அழைப்பு அனுப்பவில்லை. ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகின்றனவாம்.

"பாய் தம்பியா! வா, உட்கார். ஆட்டம் முடியட்டும்" என்றார் மில் அண்ணன். தரையில் கீறிய சிறு வட்டத்துக்குள் இரண்டு கால்களையும் ஊன்றி நின்று, ஓடாமல் அசையாமல் குண்டை எறிந்தார். ஒரு காலத்தில் அந்தக் கால்கள் ஓடிய ஓட்டத்தை அறிந்த எனக்கு அது வேதனையாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துச் சொல்தா சொன்னார்: "இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது தெரியுமா? மார்செய் பக்கத்தில் லா சியோத்தா என்று ஓர் ஊர். முன்பெல்லாம் நாலடி ஓடி வந்துதான் குண்டு எறிவார்கள். ஷூல் லெனுவார் என்ற நல்ல ஆட்டக்காரருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போயிற்று. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் காணச் சகிக்காத அவருடைய நண்பர் எர்னஸ்ட் பித்தியோ, 'இனி எல்லோருமே காலை ஊன்றி நின்றுதான் எறிய வேண்டும்' என்று விதியையே மாற்றிவிட்டார். பெத்தாங் என்ற பேருக்கே ஊன்றிய கால் என்றுதான் அர்த்தம்." 1910-இல் இந்தப் பெயரோடு முதல் போட்டி அங்கே நடந்தது என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பொன்னாடை போர்த்தி ஓரத்தில் உட்கார வைப்பது ஒரு மரியாதை. ஓட முடியாதவனுக்காக ஓடக்கூடியவர்களும் நின்று ஆடுவது வேறொரு மரியாதை. முழங்கால் உறையோடு நின்ற மில் அண்ணனை மறுபடி பார்த்தேன். என் வேதனை சற்றுத் தணிந்தது.

ஆட்டம் முடிந்ததும் பையைத் திறந்து நடந்ததைச் சொன்னேன். படம், ஜெர்சி, மேடை, என் மௌனம் எல்லாவற்றையும் சொல்லி, "அண்ணே, இது உங்களுடையது" என்று பொன்னாடையை நீட்டினேன். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது, கொடு" என்று வாங்கினார். மழை பெய்து விட்டிருந்த நேரம். சிமெண்டு பெஞ்சு ஈரமாக இருந்தது. சால்வையை நான்காக மடித்துப் பெஞ்சின்மேல் போட்டு உட்கார்ந்துகொண்டு, சொல்தாவுக்கும் பக்கத்தில் இடம் விட்டார். பிறகு கேட்டார்: "பட்டியலில் கோல்கீப்பர் பேரை எப்படி எழுதியிருக்கிறார்கள்?"

சொன்னேன். "இன்ஷியல் தப்பு. அது அவன் தம்பியுடையது" என்றார். கோல்கீப்பர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. "எழுதிக்கொள்" என்றார். என்னிடம் காகிதம் இல்லை. சொல்தா தம் சட்டைப் பையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்புறத்தைக் கொடுத்தார். கோல்கீப்பர், காவலர் இருவர், நடுவர் மூவர், முன்னணியினர் ஐவர் என்று பழைய ஆட்ட முறைப்படி, வலமிருந்து இடமாக, ஒவ்வொருவரின் பெயரையும் தந்தை பெயரின் முதலெழுத்தோடு மில் அண்ணன் சொன்னார். யார் எந்தத் தெரு, யாருக்கு எந்தக் காலில் உதை வலுவு என்பதும் கூடவே வந்தது. படத்தில் இல்லாதவர் அவர் ஒருவரே. ஆனால் படத்தில் இருந்த அனைவரும் அவருக்குள் இருந்தார்கள்.

சீட்டை மடித்துக்கொண்டே, "என் பேரை அடித்துவிடச் சொல்கிறேன் அண்ணே" என்றேன்.

"அடிக்காதே. கீழே தனியாக எழுதச் சொல். இடைவேளையில் எலுமிச்சம்பழம் கொடுத்தது யார்? கடைசிப் பத்து நிமிடம் வாயில் அந்தப் புளிப்புதான் இருந்தது எனக்கு" என்றார்.

ஐம்பது ஆண்டுகள் என் நினைவில் நான் அன்று ஒன்றும் செய்யாதவன். அவர் நினைவில் எனக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது. பொய்யாக நான் எடுத்துக்கொண்ட இடத்தைக் காட்டிலும் உண்மையில் எனக்கிருந்த அந்த இடம் சிறியதாக இருக்கலாம். ஆனால் அதில் நிமிர்ந்து உட்கார முடிகிறது.

கழகச் செயலாளருக்கு நடந்ததையெல்லாம் எழுதி, அந்த மருந்துச் சீட்டின் நகலையும் இணைத்து அனுப்பினேன். முதலில் தயங்கினார்கள். விழா முடிந்துவிட்டது, படமும் மாட்டியாகிவிட்டது என்றார்கள். கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று நானே வாய்விட்டுச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்கள். என் பேரப்பிள்ளைகளுக்கும் சொன்னேன். இளையவன், "அப்படியென்றால் உண்மையான ஆளை எங்களுக்குக் காட்டுங்கள்" என்றான். காட்டினேன். இப்போது வாரந்தோறும் அவன் மர நிழலுக்குப் போய்க் குண்டு எறியக் கற்றுக்கொள்கிறான்.

எங்கள் கடற்கரைச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் உயிர் துறந்தவர்களுக்காக எழுந்தது அது; ஜூலை 14-தோறும் அங்கே மலர்வளையம் வைப்பார்கள். ஆலைப் போராட்டத்தில் மாண்ட பன்னிருவரையும் ஜூலை 30-தோறும் நினைவுகூர்கிறார்கள். பந்தாடியவர்கள் தியாகிகள் அல்லர். அவர்களுக்குக் கல்லும் தூணும் வேண்டியதில்லை. ஒரு பலகையும் பிழையில்லாத பெயரும் போதும்.

கழக அறையில் இப்போது அந்தப் பலகை இருக்கிறது. பதினொரு பெயர்கள் ஆடிய இடத்தின் வரிசைப்படி எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் பழைய படமும் தொங்குகிறது, கைகட்டி நிற்கும் பையனைப் பார்த்துவிட்டுப் பலகையைப் பார்ப்பவர்கள், "இவன் யார்?" என்று கேட்கிறார்கள். ஞாயிறு மாலைகளில் நான் அங்கே இருந்தால் நானே பதில் சொல்கிறேன். பிறகு சிறுவர்களின் ஆட்டத்துக்கு இடைவேளை வந்துவிடும். எலுமிச்சம்பழம் நறுக்க எழுந்து போவேன்.